ஹேண்டில் முதல் லித்தியம் வரை: சேலம்–நாமக்கல் சமவெளியில் வண்டி பேட்டரியின் வரலாறு

சேலம்–நாமக்கல் சமவெளியில் வண்டி பேட்டரித் தொழில் லாரியின் நிழலில் வளர்ந்தது. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரி. இவற்றுக்கு நடுவே கிணற்றுப் பாசனத்தையும் வானத்தையும் நம்பிய மேட்டு நிலம். பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் கோத்துக்கொண்டு தெற்கே போனது. சேலத்திலிருந்து கொச்சிக்குப் பிரிந்த நாற்பத்தேழாம் எண் சாலை சங்ககிரி வழியாகச் சென்றது. இன்று அவற்றின் எண்கள் 44, 544. விளைச்சல் கைவிட்ட ஆண்டுகளில் இச்சாலைகள் சோறு போட்டன. நிலத்தை விற்றும் அடகு வைத்தும் லாரி வாங்கிய குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். லாரி ஓடிய ஊர்களில் பாடி கட்டும் பட்டறையும் டயர் கடையும் வந்தன. அவற்றுக்கு அடுத்த கதவில் பேட்டரி கடை வந்தது.

1965க்கு முந்தைய சேலம் மாவட்டம் இன்றையதைவிட மிகப் பெரியது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் அதற்குள் இருந்தன. 1965இல் தர்மபுரி தனி மாவட்டமானது. 1997 ஜனவரி 1ஆம் தேதி நாமக்கல் பிரிந்தது. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பேட்டரியின் கதையைச் சொல்ல இந்தப் பழைய எல்லையே பொருத்தம். ஈய பேட்டரியை நம்பி ஓடிய லாரிகள் இதன் தென்பாதியில் பெருகின. லித்தியம் பேட்டரியில் ஓடும் வண்டிகளின் பெரிய தொழிற்சாலைகள் இதன் வடபாதியில் எழுந்தன.

மோட்டார் வண்டி வந்த புதிதில் அதைக் கிளப்பப் பேட்டரி தேவைப்படவில்லை. முன்பக்கத்தில் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுழற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பொறிக்கு மேக்னெட்டோ, வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு. எஞ்சின் பின்னடித்தால் ஹேண்டில் திரும்பி மணிக்கட்டை முறிக்கும். ஈய அமில பேட்டரி அதற்கு வெகு காலம் முன்பே பிறந்துவிட்டது. பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டோன் பிளாந்தே 1859இல் அதை உருவாக்கினார். 1881இல் கமீல் ஃபோர் ஈயத் தகட்டின் மீது ஈய ஆக்சைடுப் பசையைப் பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகு அது தொழிற்சாலைப் பொருளானது. அதை வண்டிக்குள் நிலையாகக் குடியேற்றியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவர் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதன் பின் எஞ்சினைக் கிளப்புவது, விளக்கெரிப்பது, ஹாரன் அடிப்பது என எல்லாம் பேட்டரியின் பொறுப்பாயின. இரும்பு ஹேண்டில் உடனே மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் பழைய பஸ்களிலும் லாரிகளிலும் கிளீனரின் முதல் வேலையாக ஹேண்டில் அடிப்பது பல ஆண்டுகள் நீடித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு பஸ்களை முடக்கியது. அப்போது டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்துத் தந்தது. பின்புறம் கரி அடுப்பைச் சுமந்தபடி பஸ்கள் ஓடின. கரி வாயுவில் எஞ்சினின் வலிமை குறையும். எளிதில் பிடிக்காது, பலமுறை சுழற்ற வேண்டியிருக்கும். பேட்டரியைச் செலவழிக்கத் துணியாமல் ஆளை வைத்தே சுழற்றினார்கள். புதிய பேட்டரி கிடைப்பதும் அப்போது அரிதாக இருந்தது.

பேட்டரியை மீண்டும் நிரப்ப நேர்மின்னோட்டம் வேண்டும். ஆகவே பேட்டரி கடை தொடங்குவதற்கு முதல் நிபந்தனை ஊரில் மின்சாரம் இருப்பது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அணையடியில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சேலம், ஈரோடு நகரங்களில் மின்சாரம் வழங்கிய தனியார் நிறுவனத்தின் பெயர் சேலம் ஈரோடு மின் விநியோகக் கம்பெனி. கம்பி எட்டிய நகரங்களில் சார்ஜ் ஏற்றும் கடைகள் வேரூன்றின. கம்பி எட்டாத ஊர்களில் வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களும் அந்தக் கடைகளுக்கே பேட்டரியை எடுத்து வந்தார்கள். பஸ் கூரையில் ஏறி வந்த பேட்டரி ஒன்றிரண்டு நாள் கடையில் தங்கி, சார்ஜ் ஏறித் திரும்பிப் போகும்.

கடை என்பது பெரும்பாலும் ஒரே அறை. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபையர் ஒரு மூலையில் இருக்கும். மர மேசையில் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, எல்லாவற்றுக்குள்ளும் ஒரே மின்னோட்டத்தை மெதுவாகச் செலுத்துவார்கள். அவசரப்பட்டு அதிக ஆம்பியர் கொடுத்தால் தகடு வளையும், பசை உதிரும். சார்ஜ் முடியும் தறுவாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிடும். ஒரு பீடி நெருப்பு போதும், மூடி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். அதனால் கடைக்குள் புகை பிடிக்கவும், சார்ஜில் இருக்கும் போது கிளிப்பைப் பிடுங்கவும் விடமாட்டார்கள். பேட்டரி கடைக்காரரின் வேட்டியிலோ காக்கிச் சட்டையிலோ அமிலம் அரித்த ஓட்டைகள் இல்லாமல் இருக்காது.

இந்தத் தொழிலின் மூளை ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாய். அமிலத்தை உறிஞ்சி உள்ளே மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தால் செல்லின் நிலை தெரிந்துவிடும். பேட்டரி சார்ஜை இழக்கும்போது கந்தக அமிலம் தகட்டோடு சேர்ந்து ஈய சல்பேட் ஆகிறது, மீதமுள்ள நீர்மம் தண்ணீராக நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது அமிலம் திரும்ப வருகிறது. ஆறு செல்களிலும் கோடு ஒன்றுபோல் நின்றால் பேட்டரி நலம். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்தச் செல் செத்துக்கொண்டிருக்கிறது. குளிர் நாடுகளில் முழு சார்ஜில் அமிலத்தின் ஒப்படர்த்தியை 1.280 அளவில் வைப்பார்கள். வெப்ப நாட்டுக்கு அது ஆகாது, 1.240ஐ ஒட்டி வைத்தால்தான் தகடும், தகடுகளுக்கு இடையே உள்ள பிரிப்பானும் நீடிக்கும். காவிரிக்கு அக்கரையில் இருக்கும் கரூர் பரமத்தி கோடையில் தமிழ்நாட்டின் மிக வெப்பமான இடங்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் ஊர். இக்கரையிலும் வெயில் அதே வெயில்தான். சூடு சுமார் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பின் வேகம் இரட்டிப்பாகிறது என்பது வேதியியல் கணக்கு. குளிர் நாட்டில் பேட்டரி உயிர்விடுவது பனிக்காலத்தில் என்றால், இந்தச் சமவெளியில் அதைக் கொல்வது சித்திரை வெயில். வெயிலில் வேகமாக வற்றும் நீர்மட்டத்தை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சரிசெய்வதே இங்கே முதல் பராமரிப்பு. கிணற்று நீர் கூடாது. இந்த மண்ணின் கடின நீரில் கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைக் கெடுத்துவிடும்.

லாரித் தொழில் விரிந்தபோது பேட்டரியும் அதோடு பெருத்தது. சென்னையில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1954 முதல் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டோடு லாரி தயாரித்தது. இரண்டும் வெறும் சேஸியாகத்தான் சாலைக்கு வந்தன. அந்தச் சேஸிக்கு முகப்பும் தொட்டியும் கட்டும் தொழிலில் நாமக்கல் நாடு முழுவதும் பெயர் பெற்றது. கொல்லர், தச்சர், வெல்டர், பெயிண்டர், வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் என்று பல கைகள் ஒரே பட்டறையில் சேர்ந்தன. பக்கத்துத் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் தலைநகரமானது. சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊரானது. தென்னிந்தியாவில் சமையல் எரிவாயுவை மொத்தமாக ஏற்றும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கம் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டது.

டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை. காற்றை மிகுந்த அழுத்தத்தில் நெருக்கிச் சூடாக்கியே அது எரிபொருளைப் பற்றவைக்கிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் சில வினாடிகளுக்குப் பல நூறு ஆம்பியர்களை இழுக்கும். கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கிய காரணம் இதுதான். ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ. சேஸியின் பக்கவாட்டில் இரும்புப் பெட்டி அடித்து, பட்டை போட்டு இறுக்கி, பூட்டும் போட்டார்கள், திருட்டுப் பயம் அப்படி. இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோவுக்கோ அலங்கார விளக்குக்கோ கொடுப்பது ஓட்டுநர்களிடையே பரவலான வழக்கம். எலக்ட்ரீஷியன்கள் இதை ஓயாமல் கண்டித்தார்கள். ஒரு பேட்டரி மட்டும் இறங்கி, மற்றது மிகையாகச் சார்ஜ் ஏறி, இரண்டும் சீக்கிரமே வீணாகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

வண்டியிலேயே சார்ஜ் ஏற்றும் கருவி ஆரம்பத்தில் டைனமோ. 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். சென்னையின் பாடி பகுதியில் டைனமோக்களையும் ஸ்டார்ட்டர் மோட்டார்களையும் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கிய பிறகு உதிரிபாகத் தட்டுப்பாடு தணிந்தது. டைனமோவுக்கு ஒரு குறை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. சோதனைச் சாவடியில் இரவு முழுக்க விளக்கெரிய நின்ற லாரி விடியும்போது செல்ஃப் எடுக்காது. நான்கு பேர் சேர்ந்து தள்ள வேண்டும், அல்லது சரிவு பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும். சரிவு பார்த்து வண்டியை நிறுத்துவது அன்றைய நல்ல ஓட்டுநரின் அடையாளம். பின்னர் வந்த ஆல்டர்னேட்டர் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் கொடுத்தது. ஆனால் ஆல்டர்னேட்டரின் உள்ளே இருக்கும் டயோடுகள் மென்மையானவை. பாடி கட்டும்போது சேஸியில் ஆர்க் வெல்டிங் வைத்தால் திரும்பிப் பாயும் மின்னோட்டம் அவற்றைச் சுட்டுவிடும். வெல்டர் கையில் ராடு எடுக்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும் என்ற விதி பட்டறைகளில் அப்படித்தான் நிலைத்தது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் லாரிக்குள் வந்த பிறகு அந்த விதி இன்னும் முக்கியமாகிவிட்டது.

எரிவாயு, பெட்ரோல் டேங்கர்களில் பேட்டரியே ஆபத்தின் வாசல். சரக்கு இறக்கும் இடத்தில் ஒரு சிறு பொறி போதும். அதனால் அவசரத்தில் பேட்டரியை வண்டியின் மற்ற வயர்களிலிருந்து ஒரே இழுப்பில் துண்டிக்கும் சுவிட்சை விதிகள் கட்டாயமாக்கின. டேங்கர் கட்டும் பட்டறைகளில் பேட்டரிப் பெட்டியின் மூடி, கேபிளின் உறை, சுவிட்ச் இருக்கும் இடம் ஆகியவை தனி அக்கறையோடு செய்யப்பட்டன. ரிக் வண்டிகளின் சிக்கல் வேறு. அங்கே லாரி எஞ்சினுக்கு ஒரு பேட்டரி வரிசை, காற்று அழுத்தும் கம்ப்ரசரின் பெரிய டீசல் எஞ்சினுக்கு இன்னொரு வரிசை. மத்தியப் பிரதேசத்திலோ ராஜஸ்தானிலோ ஒரு காட்டுக்குள் பேட்டரி இறங்கிவிட்டால் அன்றைய கூலியும் டீசலும் வீண். ஆகவே ரிக்கோடு போகும் ஆட்களில் ஒருவருக்காவது பேட்டரி கைவந்திருக்க வேண்டும்.

1980கள் வரை இந்தத் தொழிலில் மிக உயர்ந்த திறமை செல் பிரித்துக் கட்டுவது. அன்றைய பேட்டரியின் பெட்டி கறுப்பு எபோனைட் ரப்பரால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்கும் தனி மூடி, மூடிகளைச் சுற்றித் தார் ஊற்றி அடைத்திருப்பார்கள். செல்களை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலே வெளியில் தெரியும். ஆகவே கெட்ட செல்லை மட்டும் பிரிக்க முடிந்தது. தாரைச் சூட்டுக் கத்தியால் கிளறி, பட்டையை அறுத்து, தகட்டுக் கொத்தைத் தூக்கி எடுப்பார்கள். அடியில் தேங்கிய கறுப்புச் சேற்றைக் கழுவிவிட்டு, பிரிப்பான்களை மாற்றி, நல்ல தகடுகளை வைத்துப் புதிய பட்டையை ஈயத்தால் உருக்கி ஒட்டுவார்கள். இந்த ஒட்டும் வேலையில் கை நடுங்கினால் ஈயச் சொட்டு உள்ளே விழுந்து செல் ஷார்ட் ஆகிவிடும். புதிய பேட்டரி வாங்க முடியாத ஒற்றை லாரி முதலாளிக்கு இந்தக் கைத்திறன்தான் தொழிலைக் காத்தது. அதற்கு உடலால் விலை கொடுத்தவர்கள் பட்டறைத் தொழிலாளிகள். உருகிய ஈயத்தின் புகையும் தகட்டுத் தூசியும் இரத்தத்தில் சேர்ந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். முகக்கவசமோ கையுறையோ இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்ற சிறுவர்களோடு சேர்ந்து அவர்கள் அதைச் சுவாசித்தார்கள். தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் இந்த மனிதர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. அது நேர்செய்யப்பட வேண்டிய குறை.

பாலிபுரொப்பிலீன் பெட்டி வந்ததும் இந்தத் திறமைக்கு வேலை போனது. முழுப் பெட்டியையும் ஒரே மூடியால் சூடு வைத்து ஒட்டிவிடுவதால் ஒரு செல்லை மட்டும் பிரிக்க வழியில்லை. ஈயத்தில் கால்சியம் கலந்த தகடுகள் நீர் வற்றும் வேகத்தைக் குறைத்தன. 1985இல் தொடங்கிய திருப்பதியின் அமர ராஜா நிறுவனம் பின்னாளில் அமரான் என்ற பெயரில் பராமரிப்புத் தேவைப்படாத வகை பேட்டரியைச் சந்தையில் பரப்பியது. எக்சைட் நிறுவனம் ஓசூரில் தொழிற்சாலை அமைத்தது. பேட்டரி கடை பழுதுபார்க்கும் இடம் என்ற நிலையிலிருந்து விற்பனையும் வாரண்டியும் பார்க்கும் இடமாக மாறியது. பழைய பேட்டரியைக் கொடுத்துப் புதியதை வாங்கும் வழக்கம் வலுத்தது. பழையதை எடை போட்டு விலை கழிப்பார்கள். 2001இல் வந்த மத்திய அரசின் பேட்டரி விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர் மீதும் விற்பனையாளர் மீதும் சுமத்தின. ஈயம் திரும்பத் திரும்ப உருக்கப்படும் உலோகம். பழைய பேட்டரிக்கு எப்போதும் ஒரு விலை இருந்ததால்தான் அது குப்பைமேட்டுக்குப் போகாமல் உருக்கும் உலைக்குப் போனது.

எடை என்ற கேள்வி இந்தச் சமவெளியில் பழைய பேட்டரியை விற்கும்போது மட்டுமே எழுந்தது. 2018இல் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதில் இரண்டு பேட்டரிகளின் 80 கிலோ ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வண்டியைக் கிளப்ப லித்தியத்தைத் தேடிய பந்தய உலகம் இதற்கு நேர் எதிரானது. பந்தயத்தில் ஓடும் காருக்கு ஒவ்வொரு கிலோவும் வினாடிக் கணக்கு. எடை குறைந்தால் காரின் வேகம் கூடுவதோடு, பிரேக் பிடிக்கும் தூரமும் வளைவில் திரும்பும் பாங்கும் மேம்படும்.

தமிழ்நாட்டுக்கு அந்த உலகம் அந்நியமில்லை. 1953இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து எளிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, பணக்காரர்களின் விளையாட்டை நடுத்தரக் குடும்பத்து இளைஞர்கள் பக்கம் நகர்த்தினார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, செட்டிப்பாளையத்தில் அமைந்த தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரே வைக்கப்பட்டது. சங்ககிரியிலிருந்து பழைய நாற்பத்தேழாம் எண் சாலையில் மேற்கே போனால் அந்தத் தடம் சில மணி நேரப் பயணம். பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடக்கிறது. மின்சாரக் கார்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. 2022 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ரஃப்தார் மாணவர் குழு மின்சாரப் பந்தயக் கார் ஒன்றை வெளியிட்டது.

லித்தியம் அயனி பேட்டரியின் அடிப்படை 1970களிலும் 80களிலும் அமைந்தது. ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குடினஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் அதற்காக 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். சோனி நிறுவனம் 1991இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வண்டியைக் கிளப்பும் வேலைக்கு ஏற்ற வகை, குடினஃபின் ஆய்வுக்குழு 1990களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட். மற்ற லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. ஒரு செல் சுமார் 3.2 வோல்ட். நான்கு செல்களைத் தொடராகக் கோத்தால் 12 வோல்ட் ஈய பேட்டரியின் இடத்தில் பொருந்திவிடும்.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 2010இல் தன் 911 ஜி.டி.3 ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடுதல் விலையில் இத்தகைய பேட்டரியை வழங்கியது. எடை 6 கிலோவுக்கும் குறைவு. வழக்கமான 60 ஆம்பியர் மணி ஈய பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் இலேசு. அதன் கொள்ளளவு 18 ஆம்பியர் மணி மட்டும், ஆனாலும் எஞ்சினைக் கிளப்பும் வலு ஈடாக இருந்தது. ஈய பேட்டரியில் இருப்பதில் ஒரு பகுதியைத்தான் கெடாமல் எடுக்க முடியும், லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். உறைகுளிரில் லித்தியம் சோர்ந்துவிடும் என்பதால் போர்ஷே வழக்கமான ஈய பேட்டரி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தது. பனிக்காலத்தில் மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம்.

ஸ்போர்ட்ஸ் காரின் வாழ்க்கை லாரிக்கு நேர்மாறு. லாரி தினமும் ஓடும், ஸ்போர்ட்ஸ் கார் வாரக்கணக்கில் கொட்டகையில் தூங்கும். அலாரமும் கடிகாரமும் பூட்டும் கருவிகளும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். சிறிய கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி அதனாலேயே சீக்கிரம் காலியாகும். அடியோடு வற்றிய லித்தியம் செல்லை மறுபடி வலிந்து சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. நல்ல பேட்டரிகளில் உள்ளே இருக்கும் மேலாண்மை மின்சுற்று அந்த நிலைக்கு முன்பே இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போது டெர்மினலில் வோல்ட்மீட்டர் பூஜ்யம் காட்டும், பேட்டரி செத்துவிட்டது என்று அனுபவமில்லாதவர்கள் நினைத்துவிடுவார்கள். நெடுநாள் நிறுத்தும் வண்டியில் டெர்மினலைக் கழற்றி, பாதிக்குச் சற்று மேல் சார்ஜில், குளுமையான இடத்தில் வைப்பது சரியான முறை. ஈய பேட்டரியைப் போல எப்போதும் முழு சார்ஜில் வைத்திருக்க வேண்டியதில்லை.

சார்ஜரும் வேறு. இரும்பு பாஸ்பேட் வகைக்கு 14.4 வோல்ட் அளவில் நின்றுவிடும் சார்ஜர் வேண்டும். ஈயத் தகட்டில் படிந்த சல்பேட்டை உடைக்க மின்துடிப்பு அனுப்பும் சார்ஜர் லித்தியத்துக்கு ஆகவே ஆகாது. ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் போகும் ஆல்டர்னேட்டர் ஈய பேட்டரியில் தண்ணீரை வற்றவைக்கும். ஊற்றிச் சமாளிக்கலாம். லித்தியத்தில் சமாளிப்புக்கு இடமில்லை. சார்ஜ் அளவை அறிவதும் கடினம். ஈயத்தில் வோல்ட் இறங்க இறங்கச் சார்ஜ் இறங்குவது தெரியும். இரும்பு பாஸ்பேட்டில் ஓய்வு நிலை வோல்ட் 13.2, 13.3 என்று நெடுநேரம் அசையாமல் நின்று, கடைசியில் செங்குத்தாக விழும். ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்க அமிலமே கிடையாது. நூறாண்டாகக் கண்ணாலும் மூக்காலும் கற்ற வித்தை இங்கே உதவாது. எண்களை நம்பிக் கற்க வேண்டிய புது வித்தை இது.

இந்தச் சமவெளிக்கு லித்தியம் ஸ்போர்ட்ஸ் கார் வழியாக வரவில்லை, ஸ்கூட்டர் வழியாக வந்தது. பழைய மாவட்டத்தின் வடபாதியில், ஓசூரில், டி.வி.எஸ். மோட்டார் தன் மின்சார ஸ்கூட்டரைத் தயாரிக்கிறது. பெங்களூரின் ஏதர் நிறுவனம் 2021இல் ஓசூருக்கு உற்பத்தியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பகுதியில் ஓலா நிறுவனத்தின் பெரிய ஸ்கூட்டர் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. லித்தியம் செல் தயாரிக்கும் ஆலையையும் அந்த நிறுவனம் அங்கே கட்டியது. 2022 கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. அதைத் தொடர்ந்து மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்புத் தரங்களைத் திருத்தி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2001ஆம் ஆண்டு விதிகளின் இடத்தைப் பிடித்து, லித்தியத்தையும் உள்ளடக்கின. ஈயத்தைப் போல உள்ளூரில் உருக்கி எடுக்கக் கூடிய பொருளல்ல இது. உடைத்தால் தீப்பிடிக்கக்கூடும். பழைய லித்தியம் பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடுவது அங்கே வேலை செய்பவரின் உயிரோடு விளையாடுவது.

லாரியில் இன்னும் ஈயமே ஆட்சி செய்கிறது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. விலை குறைவு. எந்த ஊரிலும் கிடைக்கும். பழையதற்கு விலை உண்டு. எஞ்சினின் பக்கத்துச் சூட்டையும் மேடுபள்ளத்தையும் தாங்கும், ஏதேனும் தவறு நடந்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் லாரிக்குள் மின்சாரத் தேவை கூடிவருகிறது. இருப்பிடம் காட்டும் கருவிகள், கேமராக்கள், 2025 முதல் புதிய கனரக லாரிகளின் கேபினில் கட்டாயமாக்கப்பட்ட ஏ.சி. என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு இரவில் கேபினைக் குளிரவைக்க விரும்பும் ஓட்டுநருக்கு ஈய பேட்டரி போதாது. ஆழமாக இறக்கி ஏற்றுவதை ஆயிரக்கணக்கான முறை தாங்கும் பேட்டரி அந்த இடத்தில்தான் தேவைப்படும். லித்தியம் நாமக்கல் லாரிக்குள் எடைக்காக வரப்போவதில்லை, ஓட்டுநரின் தூக்கத்துக்காக வரக்கூடும்.

அப்படி மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் வோல்ட்டை அளந்து பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் பேட்டரியையும் கேபின் பேட்டரியையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து, இடையில் லித்தியத்துக்கென்று செய்த சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவியை வைக்க வேண்டும். பேட்டரிப் பெட்டியைச் சைலன்சரிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள பக்கத்தில் அடிக்க வேண்டும். பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் தொடங்கும் முன் டெர்மினலைக் கழற்றும் பழைய விதி லித்தியத்துக்கும் அப்படியே பொருந்தும்.